தீப்பெட்டிக்குள் ஒரு புளியங்கொட்டை

அந்தத் தீப்பெட்டியைத் திறந்து பார்க்கும்படி மேலதிகாரி வாசலில் நின்றே சைகை காட்டினார். தேர்வு தொடங்கிக் கால்மணி நேரம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுவில், ஒரு மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. கிழக்குப் பாலக்காட்டில் ஒரு பதிவு அலுவலகத்தில் நான் குமாஸ்தா. அன்று தேர்வுக்கூடக் கண்காணிப்பும் என் பொறுப்பு. பெட்டிக்கு உரியவர் அந்த வட்டாரத்தில் எல்லோரும் தரகர் என்றே அழைத்த மனிதர்.

நான் தேயிலை மலையில் உள்ள சித்திரபுரத்துக்காரன். எஸ்டேட்டில் பேசும் தெற்கத்தித் தமிழ் நாவில் ஒட்டியிருந்ததால் முதல் நாள் அவரை "அண்ணாச்சி" என்று கூப்பிட்டுவிட்டேன். "நான் மளிகைக் கடை வெக்கலீங்களே" என்றார். அன்றிலிருந்து சிநேகிதம்.

நிலம் பேசி முடிப்பது அவர் தொழில். விலை படிந்ததும் ஆதாரத்தின், அதாவது கிரயப் பத்திரத்தின், வரைவையும் அவரே வெள்ளைத்தாளில் எழுதிவிடுவார். லைசென்ஸ் பெற்ற பத்திர எழுத்தர் ஒருவர் அதைப் பார்த்தெழுதிக் கையெழுத்திடுவார். எங்கள் அலுவலகத்தில் கெடுபிடி கூடியதும் அந்த எழுத்தர், பிறர் எழுதியதற்கு இனிக் கையெழுத்துப் போடமாட்டேன் என்று ஒதுங்கிக்கொண்டார். ஆகவே, ஐம்பதை நெருங்கும் வயதில் தரகர் லைசென்ஸ் தேர்வு எழுத வந்தார். மலையாள எழுத்தை ஏற்கெனவே சுத்தமாகக் கற்றிருந்தார்.

முதல் முறை தோற்றார். காரணம் எழுத்துப்பிழை அல்ல. விடைத்தாளில் கிழக்கே இருக்கவேண்டிய வாய்க்கால் மேற்கே போயிருந்தது. நான்கு எல்லைகளும் அப்படியே எதிரெதிராக மாறியிருந்தன. மேலதிகாரிக்கு விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. தமிழ்ப் பத்திரங்களில் 'வாய்க்காலுக்கு மேற்கு' என்று எழுதுவார்கள். வாய்க்காலிலிருந்து பார்த்தால் நம் நிலம் மேற்கே கிடக்கிறது என்று பொருள். இங்கே நிலத்துக்குள் நின்று, 'கிழக்கு: வாய்க்கால்' என்று எழுதவேண்டும். மாநில எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் இருந்த சொந்தக்காரர்களின் பத்திரங்களைப் படித்தே பழகியவர், 'மேற்கு' என்ற கட்டத்தில் வாய்க்காலைக் கொண்டுபோய் வைத்துவிட்டார்.

டீக்கடையில் இதைச் சொன்னபோது அவர் ஒப்பவில்லை. பக்கத்துக் காட்டுக்காரனைக் கேட்காமல் எந்த நிலம் எங்கே இருக்கிறதென்று எப்படிச் சொல்வது என்று வாதாடினார். பிறகு தீப்பெட்டியை மேசையில் வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த முறையும் தோற்றால் எழுத்தை விட்டுவிடுவதாக வீட்டில் சொல்லியிருப்பதையும் அன்றுதான் சொன்னார்.

அதே தீப்பெட்டிதான் இப்போது தேர்வு மேசையில். திறந்தேன். குச்சிகள் இல்லை. ஒரே ஒரு புளியங்கொட்டை.

"இது என்ன?" என்றேன்.

"அது நானுங்க. உள்ள நிக்கறேன்."

பெட்டிதான் நிலம், கொட்டை அதற்குள் நிற்கும் ஆள் என்று மேலதிகாரியிடம் மலையாளத்தில் விளக்கினேன். அவர் சிரிக்கவில்லை. தாளும் பேனாவும் தவிர எதுவும் மேசையில் இருக்கக்கூடாது என்றார். விதி அதுதான். பெட்டியை வாங்கி என் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். தரகர் பேனாவைக் கீழே வைத்தார். நாற்காலியில் கிழக்கே திரும்பினார், பிறகு தெற்கே, மேற்கே, வடக்கே. அடுத்த மேசைக்காரர் அவரை விட்டுத் தள்ளி உட்கார்ந்தார். அதன்பின் தரகர் தலை நிமிராமல் எழுதினார்.

பங்குனிக் கடைசியில் முடிவு வந்தது. தேறிவிட்டார்.

தன் பெயரில் எழுதிய முதல் ஆதாரத்தோடு வந்தபோது பெட்டியைக் கேட்டார். இழுப்பறை முழுக்கத் தேடினேன், அகப்படவில்லை. "இருக்கட்டுங்க. இப்ப நான் தனியாவே உள்ள நின்னுக்குவேன்" என்றார். பிறகும் பல ஆண்டுகள் எழுதினார். அவருடைய ஆதாரத்தில் எல்லைத் திருத்தம் எதுவும் என் மேசைக்கு வந்ததில்லை.

ஓய்வுபெற்ற நாளில் மேசையைக் காலி செய்தபோது, பழைய நாட்குறிப்புகளுக்குப் பின்னால் தீப்பெட்டி கிடைத்தது. படம் மங்கியிருந்தது, கொட்டையை வண்டு துளைத்திருந்தது. தரகர் இறந்து அப்போது ஏழு மாதம்.

சென்ற தை மாதம் என் மகளுக்கு ஒரு மனை எழுதிக்கொடுத்தேன். இப்போது ஆதாரம் கணினியில் தயாராகிறது. எல்லைகளைச் சொல்லும்படி எழுத்தர் பெண் கைபேசியில் கேட்டாள். எல்லாம் மனப்பாடம்தான், வீட்டிலிருந்தே சொல்லியிருக்கலாம். பத்து நிமிடம் பொறும்மா என்று சொல்லிவிட்டு, தீப்பெட்டியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். மனையின் நடுவில் நின்று, கிழக்கே திரும்பிச் சொல்லத் தொடங்கினேன்.