இரண்டாவது பிராசஸர்

போன வாரம் எங்கள் கம்பெனியில் ஒரு பழைய சர்வரைக் கழித்துப் போட்டார்கள். மறைமலை நகரில் காருக்கு ரப்பர் சாமான் செய்கிற கம்பெனி. சிஸ்டம் ரூமில் ஒயர் இழுப்பது, ஃபேன் மாற்றுவது என் வேலை. மூடியைக் கழற்றச் சொன்னார்கள், கழற்றினேன். உள்ளே இரண்டு பிராசஸர், பக்கத்தில் பக்கத்தில். சூட்டை இழுக்க மேலே வைத்திருந்த ஹீட் சிங்க்கைத் தூக்கியதும் காய்ந்த பேஸ்ட் வாசனை வந்தது. சூடான தூசியும் சுண்ணாம்பும் கலந்த மாதிரி. கூடவே காதர் ஞாபகமும் வந்துவிட்டது.

உங்களுக்குக் காதரைத் தெரியாது. மேற்குத் தாம்பரத்தில், முடிச்சூர் ரோட்டில், ஒரு மருந்துக் கடைக்கு மேலே நானும் அவனும் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்தோம். நாங்கள் இரண்டு பேரும் உள்ளே இருந்தால் கஸ்டமர் படியில் நிற்க வேண்டும். வேலையைப் பிரித்துக்கொண்டிருந்தோம். இரும்பு அவனுடையது. போர்டு, பிராசஸர், ராம் எல்லாம் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் பொறுக்கி எடுத்து வந்து மாட்டுவான். சிடி போட்டு ஓ.எஸ். ஏற்றுவது என்னுடையது. அவன் சிடியைத் தொட மாட்டான், நான் ஸ்க்ரூ டிரைவரைத் தொட மாட்டேன். நான் எட்டாவதோடு நின்றவன். ஆங்கிலத்தில் 'நெக்ஸ்ட்' எந்த மூலையில் இருக்கும் என்று கண்ணுக்குத் தெரியும். அதை அமுக்கிக்கொண்டே போனால் மிஷின் வந்துவிடும். நடுவில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்ததில்லை. இதைப் பெரிய படிப்பு என்று நினைத்துச் சட்டையில் பேனா வேறு குத்தியிருப்பேன்.

சேலையூரில் ஜெபராஜ் சார் என்று ஒருவர். கல்யாண வீடியோ எடிட் செய்பவர். ஒரு சர்ச் கல்யாணத்தை வெட்டி ஒட்டி எடுத்து முடிக்க அவர் மிஷினுக்கு ஒரு முழுப் பகல் ஆகும். காதர்தான் யோசனை சொன்னான். கம்பெனிகள் கழித்த சர்வர் போர்டு கிடைக்கிறது, இரண்டு பிராசஸர் மாட்டலாம், பாதி நேரத்தில் முடியும் என்று. மூன்று தடவை ரிச்சி தெருவுக்கு அலைந்தான். கடைசியில் கிடைத்த இரண்டு பிராசஸரையும் துணியில் சுற்றி, ரயிலில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தான்.

நான் எப்போதும் போடுகிற, வீட்டு மிஷினுக்கான ஹோம் எடிஷன் சிடியைப் போட்டேன். யாருக்கும் அதுதான். கட்டாக வாங்கி வைத்திருப்போம்.

ஜெபராஜ் சார் வீட்டு ஹாலில் வைத்து ஓடவிட்டோம். வேகமே இல்லை. டாஸ்க் மேனேஜரைத் திறந்தேன். பிராசஸருக்கு ஒன்றாக இரண்டு கட்டம் ஓட வேண்டிய இடத்தில் ஒன்றுதான் ஓடியது. மூடியைத் திறந்து தொட்டுப் பார்த்தேன். ஒரு ஹீட் சிங்க் கொதித்தது. மற்றதில் சூடே இல்லை. ஒன்று செத்தது என்று முடிவு கட்டிவிட்டேன்.

"அரை மணி நேரம் குடு மச்சான்," என்றான் காதர். "ரெண்டையும் மாத்தி மாட்டிக் காட்றேன்."

மாற்றி மாட்டியிருந்தால் செத்தது என்று நான் சொன்னது ஓடியிருக்கும், இரண்டும் உயிரோடு இருப்பது தெரிந்திருக்கும். நான் விடவில்லை. என் சிடியில் தப்பு இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

"செத்தத வாங்கினு வந்து அவர் தலையில கட்டப் பாத்த. இன்னும் இன்னாத்தக் காட்டப் போற?" என்றேன்.

ஜெபராஜ் சார் காதரைப் பார்த்தார். "நம்பித்தானே தம்பி உள்ள விட்டேன்," என்றார். சத்தம்கூடப் போடவில்லை. காதர் ஸ்க்ரூ டிரைவரைப் பையில் போட்டுக்கொண்டு வெளியே போனான். மிஷினை அப்படியே அங்கே விட்டுவிட்டு நானும் வந்தேன். மறுநாள் அவன் கடைக்கு வரவில்லை.

தாம்பரத்து வீடியோக்காரர்கள் ஒருத்தரை ஒருத்தர் தெரிந்தவர்கள். ஒரு மாதத்துக்குள், காதர் கை வைத்த மிஷின் வேண்டாம் என்று என்னிடமே வந்து சொன்னார்கள். அவன் கூடுவாஞ்சேரியில் அக்கா வீட்டுக்காரரின் செருப்புக் கடைக்குப் போய்விட்டான். இரும்பு தெரிந்த ஆள் இல்லாமல் கடை எத்தனை நாள் நிற்கும். மூடிவிட்டு நானும் இந்தக் கம்பெனிக்கு வந்தேன்.

வந்த இரண்டாம் வருஷம், ஒரு இன்ஜினியர் பொண்ணு இரண்டு பிராசஸர் மிஷின் ஒன்றுக்கு ஓ.எஸ். போட உட்கார்ந்தது. நான் பழக்கத்தில் ஹோம் சிடியை நீட்டினேன்.

"இது வேணாம்ணா. ஹோம் ஒரு பிராசஸரைத்தான் எடுத்துக்கும். ரெண்டாவது சும்மா கெடக்கும். ரெண்டும் ஓடணும்னா புரோ எடிஷன் போடணும். லைசென்ஸ்லயே எழுதியிருக்குமே, நீங்க பாத்ததில்லையா?"

ஜெபராஜ் சார் மிஷினிலும் அந்த ஹோம் சிடியைத்தான் போட்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கூடுவாஞ்சேரி போனேன். காதர் தரையில் குந்தி ஒரு அம்மாவுக்குச் செருப்பு மாட்டிவிட்டுக்கொண்டிருந்தான். அந்த அம்மா போனதும் சிடி விஷயத்தைச் சொன்னேன். திட்டுவான் என்று நின்றேன். அவன் கையிலிருந்த அட்டைப் பெட்டியை மூடினான், திறந்தான், மறுபடி மூடினான்.

"ரெண்டும் நல்லாத்தான் இருந்துச்சா? என்னியத்தான் ரிச்சி தெருவுல எவனோ ஏமாத்திட்டான்னு நெனச்சிகினு இருந்தேன் மச்சான். அதான் திரும்ப அந்த வேலையே தொடல." பெட்டியை அடுக்கில் வைத்துவிட்டு, "ஜெபராஜ் சாராண்ட சொல்லிடு. அது போதும்," என்றான்.

சரி என்றேன். போகவில்லை. ஒரு ஞாயிறு மழை, ஒரு ஞாயிறு ஓவர் டைம். அதெல்லாம் சாக்கு. அந்த ஹாலில் நின்று தப்பு என்னுடையது என்று சொல்ல வாய் வரவில்லை. காதரும் கேட்கவில்லை. வருஷங்கள் ஓடிவிட்டன.

இந்த ஞாயிறு சேலையூர் போனேன். வீடு இல்லை. அங்கே ஐந்து மாடி எழும்பிக்கொண்டிருக்கிறது. எதிரில் இஸ்திரி போடுகிறவர் சொன்னார், சார் கொரோனாவில் போய்விட்டார், பிள்ளைகள் இடத்தை விற்றுவிட்டு வெளியூர் போய்விட்டார்கள் என்று. கம்ப்யூட்டர் சாமானை எல்லாம் எடைக்குப் போட்டார்களாம். அந்த இரண்டாவது பிராசஸரும் போயிருக்கும், ஒரு வேலையும் பார்க்காமலே. இப்போது ஒரே பிராசஸருக்குள் எட்டு பிராசஸர், பதினாறு பிராசஸர் என்று வைத்துவிடுகிறார்கள். ஹோம் எடிஷனே போதும். நான் செய்த தப்பைச் செய்ய இனி ஒருத்தருக்கும் வழியில்லை.

பஸ் ஸ்டாப்பில் நின்று காதருக்குப் போன் போட்டேன். சாரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன் என்றேன்.

"இன்னா சொன்னாரு?"

"காதர் அப்பிடிப்பட்ட ஆள் இல்லன்னு எனக்கு அப்பவே தெரியும்னு சொன்னாரு."

அவன் கடையில் யாரோ ஏழாம் நம்பர் செருப்பு இருக்கிறதா என்று கேட்பது போனில் கேட்டது.

"நல்ல மனுஷன்," என்றான் காதர். "ஒரு நாள் லீவு போட்டுட்டு வரேன். அவரு வூட்டுக்கு என்னியக் கூட்டினு போ."

சரி என்றேன்.