டைரி அட்டையில் செய்த உறை

என்னிடம் இருக்கும் பொருள்களில் சொல்லிக்கொள்ளும்படியானது ஒரு கத்திதான். திருத்தங்கலில் ஓர் அச்சகத்தில் லோடு ஏற்றிக்கொண்டிருந்தபோது கிடைத்த இரும்பு. காகிதம் வெட்டும் மிஷினின் பிளேடைத் தீட்டத் தீட்ட அகலம் குறையும். ஓர் அளவுக்கு மேல் குறைந்தால் மிஷினில் நிற்காது, பழைய இரும்புக்குப் போய்விடும். அப்படிக் கழித்துப் போட்டதில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கிப் பட்டறைக்குக் கொண்டுபோனேன். பட்டறைக்காரர் அதை நெருப்பில் காட்டவே இல்லை. காட்டினால் பதம் போய்விடுமாம். தண்ணீர் விட்டு விட்டுச் சாணைச் சக்கரத்திலேயே உருவம் கொண்டுவந்தார். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான அலகு, மேல்நோக்கி வளைந்த முனை, கருவேலம் பிடி. ஆட்டுத் தோல் உரிக்க அதைவிட நல்ல கத்தியை நான் கையில் எடுத்ததில்லை.

எனக்கு ஓர் இடத்தில் கால் தரிக்காது. எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசுக் கம்பெனி, கொஞ்ச காலம் திருப்பூர், மறுபடி இங்கே. எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை கறிக்கடையில் கூடுதலாக ஓர் ஆள் வேண்டியிருக்கும். உரிக்கக் கற்றுக்கொண்டது அப்படித்தான். வாரம் முழுக்க என்ன வேலை செய்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் கைக்கு ஒரு நிதானம் வரும்.

அந்தச் சமயம் ஆமத்தூர்ப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தேன். சரக்குக் காயப்போடும் வேலை. வெயில் நேரே தலையில் இறங்கும். வேறு குறை சொல்ல ஒன்றும் இல்லை. கேட்டில் வாட்ச்மேன் எல்லோரையும் தடவிப் பார்ப்பார். தீப்பெட்டி, போன், இரும்பு எதுவும் உள்ளே போகக் கூடாது. ரூமில் கத்தியை விட்டுவரப் பயந்து, கேட்டில் கொடுத்துவைக்கலாம் என்று செய்தித்தாளில் சுற்றிப் பைக்குள் வைத்திருந்தேன். ஒருநாள் அவர் பைக்குள் கையை விட்டார். இரண்டு விரல்களில் நன்றாகக் கிழித்துவிட்டது.

"கத்தி வச்சிருக்கேன்னு வாயத் தொறந்து சொல்ல மாட்டியாலே?" என்றார், விரல்களைப் பிடித்துக்கொண்டு.

"சொல்லத்தான் வந்தேன். அதுக்குள்ள கைய விட்டுட்டீக."

இதை ரூமில் சொன்னபோது கூட இருந்தவன் சிரித்தான். அவன் டைரி, காலண்டர் போடும் கம்பெனியில் பைண்டிங் வேலை பார்ப்பவன். சீசனில் ஒரு நாளைக்கு எத்தனை டைரிக்கு அட்டை ஒட்டுவான் என்று அவனுக்கே தெரியாது.

"ஒரு உறை போட்டுத் தாரேன் மாப்ள. கடையில விக்கிறதெல்லாம் தோத்துப் போகும், பாத்துக்க."

மறுவாரம் கொண்டுவந்தான். தடித்த அட்டை இரண்டு பக்கமும், மேலே கருநீல ரெக்சின், ஒரு பக்கம் டைரி முதுகு மாதிரி மடிப்பு. திறந்திருக்கும் மறுபக்கத்தை, காலண்டரின் மேல் ஓரத்தில் அடிப்பார்களே, அந்தத் தகரப் பட்டையால் கடித்து மூடியிருந்தான். இடுப்பு வாரில் கோக்க ஒரு வளையம். முன்பக்கம் தங்க எழுத்தில் 'இனிய புத்தாண்டு வாழ்த்துகள்'. கையில் கிடைத்த அச்சு அதுதானாம்.

கத்தி உள்ளே போய்ப் பிடி வரைக்கும் இறுக்கமாக உட்கார்ந்தது. தலைகீழாகக் கவிழ்த்தாலும் விழவில்லை. இரண்டு பேருக்கும் சந்தோஷம். முனை வளைவாக இருந்ததால் ஒரு பக்கமாக மட்டுமே உள்ளே போனது; கூர் எப்போதும் தகரப் பட்டையின் பக்கம். அதை நான் யோசிக்கவில்லை.

விருதுநகரில் ஒரு பாயின் கறிக்கடையில் அப்போது ஞாயிறுதோறும் உரித்துக்கொண்டிருந்தேன். அங்கே கத்தி காலையில் உறையை விட்டு வெளியே வந்தால் மதியம் வரை கட்டையின் மேல்தான் கிடக்கும். மறுபடி உள்ளே போவது பஸ் ஏறும்போதுதான். ஆனாலும் ஒவ்வொரு ஞாயிறும் போனவுடன் தீட்ட வேண்டியிருந்தது. அலகின் பக்கவாட்டில் செம்பு நிறத்தில் ஒரு கறை படிய ஆரம்பித்தது. ரத்தக் கறை என்று நினைத்துச் சாம்பல் போட்டுத் தேய்த்தேன். கறைக்கு அடியில் ஊசி குத்தினாற்போலச் சிறு குழிகள் இருந்தன. பட்டறைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டார் என்று மனதுக்குள் திட்டினேன்.

பக்ரீத் வந்தது. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கடை பாய் கூப்பிட்டார். பெரிய உடம்பு, மெதுவான பேச்சு.

"தம்பி, குர்பானிக்கு அஞ்சு வீடு ஒத்துக்கிட்டிருக்கேன். அறுக்குறத நாங்க பாத்துக்குவோம். நீ தோல உரி. தோல் அம்புட்டும் மதரஸாவுக்குப் போறது. ஒரு ஓட்ட விழக் கூடாது. சுத்தமா உரிச்சுக் குடுத்தீன்னா, கடையில தெனமும் நில்லு. மாடியில ரூம் கெடக்கு, தங்கிக்க."

எனக்கு யாரும் அப்படி ஓர் இடம் தந்ததில்லை. பட்டாசுக் கம்பெனியில் மறுநாளே சொல்லிவிட்டு நின்றுகொண்டேன். வெயிலில் வேகாமல், வாரம் முழுக்க கைக்குத் தெரிந்த வேலை. நானும் ஓரிடத்தில் இருந்து பார்க்கலாம் என்று அந்த நாலைந்து நாள் உண்மையாகவே நினைத்தேன்.

பக்ரீத் அன்று தொழுகை முடிந்து முதல் வீட்டுக்குப் போனோம். பாய், அவருடைய மருமகன், நான். வீட்டுக்குப் பின்னால் ஆடுகளைக் கட்டியிருந்தார்கள். உள்ளே நுழையும் முன்பே பாய் என்னை நிறுத்தினார்.

"கத்திய ஆடு கண்ணுல காட்டக் கூடாது. உறையிலயே இருக்கட்டும். வேலையிருக்கப்ப எடு, முடிஞ்சதும் உள்ள வச்சிரு. ஆட்டு முன்னால தீட்டவும் கூடாது. வெளங்குச்சா?"

விளங்கியது. அவர்கள் ஓர் ஆட்டை அறுப்பதைக்கூட இன்னொரு ஆடு பார்க்காதபடி ஒரு படுதா கட்டியிருந்தார்கள்.

மருமகன் என் இடுப்பைப் பார்த்தான். "என்னங்க, பக்ரீத்துக்குப் புத்தாண்டு வாழ்த்துச் சொல்லிக்கிட்டு வந்திருக்கீக?"

முதல் வீட்டில் தோல் சட்டையைக் கழற்றுவது போல் வந்தது. பாய் அதை விரித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். நான் கத்தியைக் கழுவி, துடைத்தும் துடைக்காமலும் உறைக்குள் தள்ளினேன்.

இரண்டாவது வீட்டில் இரண்டு ஆடு. காலில் கீறும்போதே கத்தி வழுக்கியது. உரிப்பதில் கத்திக்கு வேலை கொஞ்சம்தான். கால்களைச் சுற்றியும் வயிற்று நடுவிலும் கீறிவிட்டால் மீதியைக் கை முஷ்டியால் தள்ளியே பிரித்துவிடலாம். ஆனால் அந்தக் கீறலுக்குக் கூர் வேண்டும். கூர் இல்லாவிட்டால் அழுத்த வேண்டும். அழுத்தினால் எங்கே போய் நிற்கும் என்று சொல்ல முடியாது. எப்படியோ ஒன்றை உரித்துவிட்டுத் தெருமுனைக்கு ஓடினேன். இடுப்பில் செருகியிருந்த சாணைக்கல்லில் எச்சில் தொட்டுத் தீட்டினேன். முன்கை முடியை மழித்துப் பார்த்தேன், சுத்தமாக மழித்தது. உறையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்தேன். படுதாவுக்குப் பின்னால் போய் உருவினால் மறுபடி மொக்கை.

அந்தக் காலையில் எத்தனை தடவை தெருமுனைக்குப் போனேனோ. தீட்டுவேன், உறையில் போடுவேன், வந்து உருவினால் கூர் இருக்காது. என் கையில்தான் கோளாறோ என்று தோன்றியது. வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்காரர் தின்னத் தேங்காய்ச் சோறு கொடுத்தார், இறங்கவில்லை.

"ஒனக்கு என்ன, வயித்துக்குச் சரியில்லையா? அடிக்கடி ஓடுறியே," என்றார் பாய்.

"இல்ல பாய், கத்தி நிக்க மாட்டேங்குது."

"நேத்தே தீட்டி வச்சிருக்கணும்ல?"

தீட்டித்தான் வைத்திருந்தேன். அதை யார் நம்புவார்கள்?

மூன்றாவது வீட்டில் ஆடு பெரியது, செம்மறிக் கிடா. நெஞ்சுப் பக்கம் கத்தி பிடிக்கவில்லை. அழுத்தினேன். வழுக்கி உள்ளிருந்து வெளியே வந்துவிட்டது. தோலின் நடுவில் இரண்டு விரல் போகிற அளவுக்கு ஓட்டை. மருமகன் அதில் விரலை விட்டு ஆட்டிக் காட்டினான்.

"மாமா, சன்னல் வச்சிருக்காரு."

பாய் சிரிக்கவில்லை. "இத எப்படிப்பா மதரஸாவுக்குக் குடுக்க?" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கத்தியைக் கழுவப் போனபோதுதான் கண்டுபிடித்தேன். இந்தத் தடவை கத்தியை உறைக்குள் மெதுவாக இறக்கினேன். அப்போது ஒரு சத்தம். கரகரவென்று மிகச் சின்னச் சத்தம். இத்தனை நாள் ஒரே இழுப்பில் உருவி, ஒரே தள்ளில் வைத்துவிடுவதால் காதில் விழுந்ததில்லை. உறையின் வாயை வெயிலுக்குக் காட்டிப் பார்த்தேன். உள்ளே தகரப் பட்டை நெடுக வெள்ளிக் கம்பி போல ஒரு கோடு மின்னியது. ஒவ்வொரு தடவையும் என் கூர் அந்தத் தகரத்தின் மேல் உரசிக்கொண்டே உள்ளே போய், உரசிக்கொண்டே வெளியே வந்திருக்கிறது. அட்டை தண்ணீரைக் குடித்து ஊறிப் போயிருந்தது. ஓரத்தில் பசை கசிந்து பச்சை நீலமாக இருந்தது. பூச்சி அரிக்காமல் இருக்க பைண்டிங் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள்; ஈரம் பட்டால் அது இரும்பை அரிக்கும். செம்புக் கறைக்கும் குழிகளுக்கும் காரணம் அதுதான். பட்டறைக்காரர் மேல் ஒரு குற்றமும் இல்லை.

பாயிடம் கொண்டுபோய்க் காட்டினேன். உள்ளே எட்டிப் பார்த்தார்.

"நெசந்தான். ஆனா ஓட்ட விழுந்த தோலு விழுந்ததுதான?" என்றார். "மருமகன்ட்ட கத்தியக் குடு."

உறையை விட்டெறிந்து, கத்தியைத் தீட்டித் துண்டில் சுற்றிக் கொடுத்தேன். மீதி இரண்டு வீட்டிலும் அவன்தான் உரித்தான். துண்டுக்குள்ளிருந்து எடுத்தான், துண்டுக்குள் வைத்தான். கத்தி கடைசி ஆடு வரைக்கும் சளைக்கவில்லை. ஒரு தோலிலும் கீறல் இல்லை. நான் குடல் அலசினேன், வாளி தூக்கினேன், ரத்தம் கழுவினேன்.

எல்லாம் முடிந்து கடைக்கு வந்ததும் பாய் எனக்குப் பங்குக் கறியைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். மருமகன் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"தம்பி, கத்தி கடைக்கு இருக்கட்டும்," என்றார் பாய். "நல்ல இரும்பு. இவன் கைக்குத் தோதா இருக்கு. நீயும் இரு. குடல் அலச, தோலுக்கு உப்புப் போட ஆள் வேணும். மாடி ரூம் சொன்னது சொன்னதுதான்."

அவர் வஞ்சகமாகக் கேட்கவில்லை. அவர் பார்த்தது ஒரு நல்ல கத்தி, உரிக்கத் தெரியாத ஓர் ஆள். அந்தக் காலையை வைத்துப் பார்த்தால் கணக்குச் சரிதான்.

"உரிக்க இன்னொரு நாள் விட்டுப் பாருங்க பாய். துண்டுல சுத்திக் கொண்டாரேன்."

"அதுக்கு இனிமே ஆளு இருக்கானே."

மாடிப்படி கடைக்குள்ளிருந்தே போகிறது, அதைப் பார்த்தேன். கத்திக்காகக் கையை நீட்டினேன். மருமகன் மாமனைப் பார்த்தான். அவர் தலையசைக்க, கொடுத்துவிட்டான்.

ரூமில் பைண்டிங்காரன் அடுப்பு பற்றவைத்துக் கறிக்காகக் காத்திருந்தான். நடந்ததைச் சொன்னேன். கத்தியின் குழிகளை விரலால் தடவிப் பார்த்தான்.

"தகரம் அடிக்கலேன்னா ஓரம் பிரிஞ்சிருமே மாப்ள. எல்லாத்துக்கும் அப்படித்தான அடிக்கோம்."

"காலண்டருக்கு அடிக்கலாம்."

"மாடி ரூம்ல இருந்திருக்கலாம்லே. கத்தி என்ன, இன்னொன்னு அடிச்சுக்கிடலாம்."

"குடல் அலசிக்கிட்டு, அவன் என் கத்தியில உரிக்கிறதத் தெனமும் பாக்கச் சொல்றியா?"

அவன் வெங்காயம் நறுக்கக் கத்தியைக் கேட்டான். கொடுத்தேன். நறுக்கி முடித்ததும் கழுவித் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவி, ஒரு பழைய லுங்கித் துணியில் சுற்றிக் கட்டினேன். இருக்கன்குடிக் கோயிலில் ஆடி வெள்ளிக்குக் கிடா வெட்டுபவர்கள் உரிக்க ஆள் தேடுவார்கள். ஆடி பிறக்க இன்னும் நாள் கிடந்தது. அதுவரை சாத்தூரில் எங்காவது கேட்டுப் பார்க்கலாம் என்று விடிந்ததும் பஸ் ஏறிவிட்டேன்.