செப்டிக் டேங்க் ஓரத்தில் கத்திய மெஷின்

வாஸ்துவைக் கிண்டலடித்தே பாதிப் பெயர் வாங்கியவன் நான். அப்படிப்பட்டவன், திருத்தணிக்கு வெளியே பொதட்டூர்பேட்டை சாலையில் வீடு கட்டியபோது, யாருக்கும் சொல்லாமல் வாஸ்து பார்த்தேன். செப்டிக் டேங்கை வடமேற்கு மூலைக்கு நகர்த்தினேன்.

"சார், நீச்சல் குளத்து பைப்பு அந்தப் பக்கமாத்தான் போவுது" என்றார் பிளம்பர்.

"போகட்டும்" என்றேன், எல்லாம் தெரிந்தவன்போல.

இந்தக் கோடையில் குளத்துத் தண்ணீர் தினமும் நாலு விரற்கடை இறங்கியது. வெயில் குடிக்கிறது என்று மனைவிக்கு விளக்கினேன். மழை பெய்த நாளிலும் இறங்கியது. சுற்றிலும் பதித்த கிரானைட் அவள் பார்த்துப் பார்த்து எடுத்தது. "ஒரு கல்லு பேத்தாலும் குளத்தையே மூடிடுவேன், ஆமா" என்றாள். காலையில் இடுப்பளவு நீரில் நின்று வாய் கொப்பளிப்பது இந்த வயதில் எனக்கு மிஞ்சிய ஒரே சுகம். அதைக் காப்பாற்ற, வாயு விட்டுக் கசிவு பார்க்கும் ஆளைச் சென்னையிலிருந்து வரவழைத்தேன்.

அவர் பைப்பிலிருந்த தண்ணீரை வெளியேற்றி, இரு முனையையும் அடைத்து, சிலிண்டரிலிருந்து வாயுவை ஏற்றினார். விரிசல் இருக்கும் இடத்தில் அது மண்ணைத் தாண்டி மேலே வருமாம். கையிலிருக்கும் மெஷின் கத்துமாம். நானும் குனிந்து தரையை மோந்துகொண்டே போனேன்.

"சார், அதுக்கு வாசனையே கெடையாது. எழுந்திருங்க."

"அப்ப இங்க நாறுதே?"

வந்து மெஷினை நீட்டினார். கத்தியது. செப்டிக் டேங்கை ஒட்டிய மண்.

"நாத்தத்துக்குத்தானே கத்துது?" என்றேன், நம்பிக்கையோடு.

"நாம உட்டத மட்டும்தான் சார் புடிக்கும்."

தோண்டினார். டேங்கிலிருந்து கசிந்த கறுப்புச் சேறு, வழவழவென்று, புழுவோடு. நடுவே என் பைப், வாய் பிளந்து.

"மோட்டார் இழுக்குற பைப்பு சார் இது. மோட்டார் நின்னா தண்ணி வெளிய போவும். ஓடுனா இதெல்லாம் உள்ள வரும்."

"எவ்வளவு நாளா?"

"தண்ணி எப்பலேர்ந்து எறங்குது?"

இரண்டு மாதமாக. குளோரின் வாடை பிடிக்காதென்று அதையும் பாதியாகக் குறைத்திருந்தேன். நாக்கை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. வேலியோரம் போய் வாந்தி எடுத்தேன். காலையில் தின்ற இட்லி வந்தது. இரண்டு மாதமாக உள்ளே போனது வரவில்லை.

பைப்பை மாற்றி, மறுபடி வாயு விட்டார். மெஷின் வாயே திறக்கவில்லை. ஒரு கல்லும் பெயரவில்லை.

"இனிமே ஒரு சொட்டு வெளிய போவாதும்மா" என்றார் என் மனைவியிடம், பெருமையாக.

"வெளிய போனது போவட்டுங்க, உள்ள வந்தது?" என்றாள் அவள். "லாரியில மண்ணு அடிக்கிறவங்க யாராவது தெரிஞ்சா நம்பர் குடுத்துட்டுப் போங்க."