உள்ளங்கை வெல்லம்

நாகலூர் பஸ் நிறுத்தத்தை ஒட்டிய எங்கள் கடையில், மற்றவர்கள் பன்னும் வர்க்கியும் வைக்கும் இடத்தில் ஒரு கண்ணாடி ஜாடி இருக்கும். அதற்குள் கல்லால் தட்டி உடைத்த வெல்லத் துண்டுகள். டீ கேட்பவர்களில் பாதிப் பேர் பாலும் வேண்டாம், சர்க்கரையும் வேண்டாம் என்பார்கள். ஜாடிக்குள் கைவிட்டு ஒரு துண்டை எடுத்து இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, அதை நாக்கால் ஒரு தொடு, டம்ளரில் ஒரு மடக்கு என்று நிதானமாகக் குடிப்பார்கள். கலியாணமாகி ஆட்டையாம்பட்டியிலிருந்து மலையேறி வந்த முதல் வாரம் இதைப் பார்த்து நான் முகத்தைச் சுளித்தேன். உள்ளங்கையை நக்கினால் எங்கள் வீட்டில் முதுகில் ஒன்று விழும். அதிலும் காப்பி விளையும் ஊரில் டீயை இவ்வளவு பக்தியோடு குடிப்பானேன் என்று எனக்கு விளங்கவில்லை.

அந்தப் பழக்கத்தை ஊருக்குக் கொண்டுவந்தவள் சிலோன் அக்கா. அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. ஊர் அதைக் கேட்டுக்கொள்ளவில்லை. இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேசி, இத்தனை பேர் உனக்கு, இத்தனை பேர் எனக்கு என்று ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்டபோது இந்தியாவின் பங்கில் விழுந்தவள். அவளுடைய பாட்டன் காலத்தில் பஞ்சம் பிழைக்க இலங்கைக்குப் போன குடும்பம். அங்கே தேயிலை மலையில் கொழுந்து பறித்தார்கள். எழுபதுகளில் கப்பலில் ராமேஸ்வரம் வந்து இறங்கி, எங்கெங்கோ அலைந்து, கடைசியில் ஏழெட்டுக் குடும்பமாக எங்கள் பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்து சேர்ந்தார்கள். முதல் நாள் தேயிலைக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு காப்பிக் காட்டுக்குள் போனார்களாம். கூடை கிளைக்குக் கிளை மாட்டிக்கொண்டது. இடுப்பில் பையைக் கட்டிப் பழம் பறிக்கப் பிறகு கற்றுக்கொண்டார்கள். டீ குடிக்கும் விதத்தை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. வந்த சில வருடத்தில் கணவர் இறந்துபோக, எஸ்டேட் கூலிக்காரர்களுக்கான லைன் வீடு ஒன்றில் அக்காவும் அவள் மகனும் இருந்தார்கள். சின்னப் பையனாகக் கப்பலேறி வந்த மகன், நான் மருமகளாக வந்தபோது எஸ்டேட் ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தான்.

இனி என் மாமனார். அவருக்குக் கடை பாதி வேலை. பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களை எடைபோடுவது மீதி வேலை. முகத்தைப் பார்க்கமாட்டார். முதலில் செருப்பு, அப்புறம் மூட்டை. மூட்டை பெரிதாக இருந்தால் தங்க வந்தவன், சின்னதாக இருந்தால் எதையோ கொண்டுபோக வந்தவன், மூட்டையே இல்லாவிட்டால் அவன்தான் ஆபத்தானவன். ஒரு தடவை கரடியூர் முனையில் முக்காலிக் கருவியை நிறுத்திவைத்துக் கீழே பார்த்துக்கொண்டிருந்த ஒருவரை உளவாளி என்று முடிவுகட்டி, ஏற்காடு ஸ்டேஷன் வரை போய்ச் சொல்லிவிட்டு வந்தார். அந்த மனிதர் ரோடு போடுவதற்காக அளந்துகொண்டிருந்தார். ஊரே சிரித்தது. மாமனார் அசரவில்லை. "அளந்தவன் எதுக்கு அளந்தான்னு நமக்கென்னங்க தெரியும்" என்றார். "பழுதைக் கயிறுன்னு மிதிக்கவும் முடியாது, பாம்புன்னு தாண்டவும் முடியாது கண்ணு" என்பது என்னிடம் அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. இத்தனைக்கும் அவரும் வாலிபத்தில் அயோத்தியாப்பட்டணத்திலிருந்து ஒரு தகரப் பெட்டியோடு மலையேறி வந்தவர்தான். அந்தப் பெட்டியை யாராவது எடைபோட்டார்களா என்று நான் கேட்டதில்லை. மாமனாரிடம் அப்படியெல்லாம் கேட்டுவிட முடியுமா?

சிலோன் அக்கா முதல் முதல் கடைக்கு வந்து, "வெறுந் தேத்தண்ணி தாங்க, கையில ஒரு துண்டு வெல்லம் போதும்" என்று கேட்டபோது மாமனார் அவளை ஏற இறங்கப் பார்த்தாராம். ஆனால் மலைக் குளிரும் ஓயாத சாரலும் யாரையும் இந்தப் பழக்கத்துக்கு இழுத்துவிடும். ஒரு துண்டு வெல்லம் டம்ளர் முடியும்வரை நாக்கில் நிற்கும். காப்பிப் பழம் பறிக்கும் காலத்தில் அக்காவோடு வேலை செய்த பெண்கள் அப்படிக் குடிக்கத் தொடங்கினார்கள். பலாவும் ஆரஞ்சும் விற்க வரும் மலை விவசாயிகள் தொடங்கினார்கள். ஜாடி மேசைக்கு வந்தது. என் கணவர் குடித்தார். முகம் சுளித்த நானும் இரண்டாம் பிரசவத்துக்கு அப்புறம் குடித்தேன். மாமனார் எப்போது தொடங்கினார் என்று யாருக்கும் தெரியாது, அவருக்கும் தெரிந்திராது. பெரிய பழக்கங்கள் எல்லாம் இப்படித்தான், வீட்டுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான் கண்ணில் படும்.

அப்புறம் அந்தக் கோடை வந்தது. தேர்தல் கூட்டத்துக்கு வந்த முன்னாள் பிரதமரைக் குண்டு வைத்துக் கொன்றார்கள். கொன்றவர்கள் கடல் தாண்டி வந்தவர்கள் என்று தெரிந்ததும் தமிழ்நாடு ஒரே நாளில் முகம் மாறியது. அதுவரை அகதிகளுக்குச் சோறு போட்ட கைகளே கதவைச் சாத்தின. பயம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். குண்டு வெடித்தது உண்மை, செத்தவர்கள் உண்மை. ஆனால் பயத்துக்குக் கண் தெரியாது. ஒப்பந்தத்தில் வந்தவர் யார், போரில் தப்பி வந்தவர் யார், துப்பாக்கியோடு வந்தவர் யார் என்று அது பிரித்துப் பார்க்கவில்லை. சிலோன் என்றால் சிலோன்.

அக்காவின் மகன் மாதம் ஒரு முறை பையைத் தூக்கிக்கொண்டு மலையிறங்கிப் போவான். மறுநாள் வெறும் பையோடு வருவான். அவனுடைய அத்தை குடும்பம் படகில் தப்பி வந்து கீழே ஒரு முகாமில் இருந்தது. அவர்களுக்கு அரிசியும் துணியும் கொடுத்துவிட்டு வருவான். அக்காவே இதை ஒரு நாள் என்னிடம் சொல்லியிருக்கிறாள், நானும் வீட்டில் சொல்லியிருக்கிறேன். மாமனார் நம்பவில்லை. போகும்போது நிறைந்த பை, வரும்போது காலிப் பை. அவருடைய கணக்கில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மஃப்டியில் ஓர் அதிகாரி சென்னையிலிருந்து வந்து கடை கடையாக விசாரித்தபோது மாமனார் அவரை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார். மறுநாள் காலையில் எஸ்டேட் ஜீப்பை வழியில் நிறுத்தி அக்காவின் மகனைக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

விசாரித்துவிட்டு அனுப்புவார்களா, தனி முகாமில் போட்டுப் பூட்டிவிடுவார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. எஸ்டேட் கணக்கெழுதும் ரைட்டர் அக்காவைக் கூப்பிட்டு, பையன் திரும்பி வராவிட்டால் லைன் வீட்டைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டார். அக்கா தினமும் முதல் பஸ்ஸில் சோற்றுத் தூக்கோடு ஸ்டேஷனுக்குப் போனாள். போகும்போது எங்கள் கடைப் பக்கம் திரும்பவில்லை.  மாமனாரோ, "தப்பு பண்ணாதவனுக்கு என்ன பயமுங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த அதிகாரி மறுபடி வந்தார். லைன் வீடுகளில் இல்லாமல் வெளியே கலந்து வாழும் சிலோன்காரர்கள் வேறு யாராவது உண்டா, அடையாளம் காட்ட முடியுமா என்று கேட்டார். மாமனாருக்குப் பெருமை தாங்கவில்லை. "காட்டறதென்னங்க, நீங்களே கண்டுபிடிச்சரலாம். அவங்க டீ குடிக்கிற விதமே வேறைங்க. வெல்லத்தை உள்ளங்கையில வெச்சு நக்கிக் குடிப்பாங்க. நம்ம சனம் அப்படிக் குடிக்காதுங்க" என்றார். அதிகாரி மூலை பெஞ்சில் ஒரு பேப்பரை விரித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அன்று எஸ்டேட் விடுமுறை. கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும். வந்தவர்கள் ஒவ்வொருவராக ஜாடிக்குள் கைவிட்டார்கள். பழம் பறிக்கும் பெண்கள், லாரிக்காரர், மிளகு வியாபாரி, தபால்காரர்கூட. அதிகாரி பேப்பரை மடித்துவிட்டார். கொட்டச்சேட்டிலிருந்து பலாப்பழம் கொண்டுவந்த கிழவரைப் பிடித்து, எந்த வருடம் இலங்கையிலிருந்து வந்தீர்கள் என்று கேட்டார். "ஏனுங்க சாமி, எங்கப்பன் பாட்டன் எல்லாஞ் செத்தது கொட்டச்சேட்டுலதானுங்க" என்றார் கிழவர். நான் அடுப்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து மாமனார், பதினோரு மணி டீயைக் கையில் எடுத்தவர், வழக்கம்போல ஒரு துண்டை இடது உள்ளங்கையில் வைத்து நாக்கை நீட்டினார்.

"பெரியவரே, நீங்க எப்ப வந்தீங்க?" என்றார் அதிகாரி.

"எங்கிருந்துங்க?"

"அங்கிருந்துதான்."

மாமனார் கையைப் பார்த்தார். வெல்லத்தைக் கீழே போடலாமா, வாயில் போட்டுக்கொள்ளலாமா என்று தெரியாமல் அப்படியே நின்றார். சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். அதிகாரி சிரிக்கவில்லை. மற்றவர்களை விட்டுவிட்டார். இவ்வளவு பழக்கம் தெரிந்த ஆள், இவ்வளவு ஆர்வமாக அடுத்தவனைக் காட்டிக்கொடுக்கிறவன், தன்னை மறைக்கத்தான் அப்படிச் செய்கிறான் என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். மாமனாரே அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்படித்தான் யோசித்திருப்பார். "ஒரு சின்ன விசாரணை, வாங்க" என்று ஜீப்பில் ஏற்றிக்கொண்டார்கள்.

என் கணவரும் நானும் அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். மாமனார் இந்த ஊர்க்காரர் என்று காட்ட ஏதாவது கொண்டுவாருங்கள் என்று சொல்லியிருந்தார்கள். சமவெளியிலிருந்து மலையேறிப் பிழைக்கும் கடைக்காரர்கள் எல்லோரும் செய்யும் காரியத்தைத்தான் மாமனாரும் செய்திருந்தார். பிழைப்பு மேலே, ரேஷனும் ஓட்டும் கீழே. ரேஷன் கார்டு அயோத்தியாப்பட்டணத்தில் பெரிய மாமனார் பெயரில் இருந்தது. அதில் இவர் பெயரைக் குடும்பம் பிரிந்தபோது எடுத்துவிட்டார்களாம். கடைக் கட்டடம் எஸ்டேட்டுக்குச் சொந்தம். ஊரே அறிந்த மனிதருக்கு, நாகலூரில் இருக்கிறார் என்று சொல்ல ஒரு தாள் கிடையாது. ஆனால் அதே ஸ்டேஷனில் பெஞ்சின் மறுகோடியில் உட்கார்ந்திருந்த அக்காவின் மகனுக்கு, இரண்டு அரசாங்கமும் முத்திரை குத்திய பாஸ்போர்ட் இருந்தது. மாமனார் அவன் பக்கம் திரும்பாமல் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். வேர்த்துக் கொட்டியது. அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை.

அக்கா சோற்றுத் தூக்கோடு உள்ளே வந்தாள். மகனைப் பார்த்தாள், மாமனாரைப் பார்த்தாள். அதிகாரி அவளிடம், "இந்தப் பெரியவர் உங்க ஆளா? உண்மையைச் சொல்லு" என்றார். அவள் ஒரு சொல் மாற்றிச் சொல்லியிருந்தால் போதும், மாமனார் பல நாள் அங்கே கிடந்திருப்பார். 

அக்கா தூக்கைக் கீழே வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"ஐயா, இவரு எங்க ஆளு இல்லீங்க. எம் மகனைக் காட்டிக் குடுத்தவரே இவருதானே. எங்க ஆளா இருந்தா அப்படிச் செய்வாரா?"

அதைவிடப் பெரிய அத்தாட்சி அந்த அதிகாரிக்குத் தேவைப்படவில்லை. மாமனாரை அப்போதே அனுப்பிவிட்டார். படியிறங்கும்போது அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.  மறுநாள் தானாக ஸ்டேஷனுக்குப் போய், அந்தப் பையன் முகாமுக்கு அரிசிதான் கொண்டுபோகிறான், எனக்குத் தெரியும் என்று சொல்லிவிட்டு வந்தார். சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு தடவை பாம்பு என்று கூவிவிட்டு அப்புறம் கயிறு என்றால் யார் கேட்பார்கள்?

பையனைச் சில வாரம் கழித்து விட்டார்கள். வாராவாரம் வந்து கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஜீப் வேலை போய்விட்டது. எஸ்டேட்டில் வெளியே போகச் சொல்லவில்லை, இருக்கவும் சொல்லவில்லை. அக்கா தானே மூட்டை கட்டினாள். நீலகிரிப் பக்கம் உறவுக்காரர்கள் இருந்தார்கள். கையெழுத்தை அங்கே ஒரு ஸ்டேஷனுக்கு மாற்றி வாங்கிக்கொண்டு கிளம்பினார்கள். பஸ் வர நேரமிருந்தது. நெடுநாளுக்குப் பிறகு அவள் கடைக்குள் வந்து உட்கார்ந்தாள். மாமனார் எழுந்து தானே வெறும் டீயை ஆற்றி, ஜாடியில் பெரிய துண்டாகப் பார்த்து எடுத்து, அவள் முன்னால் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை. "பாலும் சீனியும் கலந்தே குடுங்க. எல்லாரும் குடிக்கிற மாதிரி" என்றாள். பிறகு அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்தாள். மாமனாரின் கை நீட்டியபடியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, அடுப்படிக்குள் போய்விட்டேன்.

அதற்குப் பிறகு மிச்சமிருந்த சிலோன்காரர்கள் ஒருவரும் எங்கள் கடையில் வெல்லம் கேட்டதில்லை. ஊரில் மற்றவர்கள் எல்லோரும் கேட்டார்கள். மாமனார் கடைசிவரை ஊட்டுக்குள்ளே போய், கதவை ஒருக்களித்து வைத்துக்கொண்டுதான் டீ குடித்தார்.

இப்போது கடையில் நான் இருக்கிறேன். ஜாடியும் இருக்கிறது. காப்பிப் பழம் பறிக்க இப்போது ஜார்க்கண்டிலிருந்தும் அஸ்ஸாமிலிருந்தும் வருகிறார்கள். பஸ் நின்றால் என் கண்ணும் முதலில் செருப்புக்குத்தான் போகிறது, பிறகு மூட்டைக்கு. மாமனாரின் பார்வை எனக்குச் சீதனமாக வந்துவிட்டது போலிருக்கிறது. செல்போனில் வரும் வீடியோக்கள் வேறு, வடக்கத்தியான் அதைச் செய்தான், இதைச் செய்தான் என்று. பொய் என்று தோன்றும், ஆனாலும் இரவு தாழ்ப்பாளை இன்னொரு தரம் இழுத்துப் பார்ப்பேன்.

போன வாரம் ஒரு இளம் போலீஸ்காரர் வந்தார். மரியாதையான பையன். "ஏனுங்கம்மா, வடக்க இருந்து வர்றவங்கள்ல எல்லை தாண்டி வந்தவங்களும் கலந்திருக்காங்களாமா. யாராச்சும் வித்தியாசமாத் தெரிஞ்சா ஒரு போன் பண்ணுங்க" என்றார்.

"எப்படிங்க தெரியும்?" என்றேன்.

"பழக்கவழக்கத்துல தெரியுமில்லீங்க. சாப்பிடறது, குடிக்கிறது."

என் இடது உள்ளங்கையில் வெல்லம் இருந்தது. பாதி கரைந்து விரலிடுக்கில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவர் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, நொம்ப இயல்பாகத்தான் கேட்டார்.

"இதென்னங்கம்மா இப்படிக் குடிக்கிறீங்க? நீங்க எந்த ஊருங்க?"

ஆட்டையாம்பட்டி என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?  ரேஷன் கார்டை எந்தப் பெட்டியில் வைத்தேன் என்றுதான் முதலில் யோசித்தேன்.