எங்கள் வீடு டிரிப் ஆன வாரம்

கல்யாணத்துக்குப் போனால் மற்றவர்கள் பெண்ணின் புடவையைப் பார்ப்பார்கள். நான் மண்டபத்து மெயின் போர்டைப் பார்ப்பேன். என்னிடம் வயரிங் சூப்பர்வைசர் லைசென்ஸ் இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து திருமழிசை வரை புதிதாக எழும்புகிற வீடுகளிலும் அடுக்குமாடிகளிலும் வயரிங் விதிப்படி இருக்கிறதா என்று சோதித்து, இணைப்புக்கு அனுப்பும் அறிக்கையில் கையெழுத்துப் போடுவது என் வேலை. எர்த் குழி சுவரிலிருந்து ஒன்றரை மீட்டராவது தள்ளி இல்லை என்றால் கையெழுத்து கிடையாது. பச்சை வயர் தீர்ந்துவிட்டது என்று எர்த்துக்குச் சிவப்பை இழுத்திருந்தால், மொத்தத்தையும் உருவு என்பேன். என்னைத் தூரத்தில் பார்த்ததுமே எலக்ட்ரீஷியன்கள் டீ டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நிற்பார்கள். மரியாதை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். எரிச்சல் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

இப்படிப்பட்ட என் வீட்டில் ஆர்சிசிபி இல்லை. பெயர் வாயில் நுழையாவிட்டாலும் வேலை எளிது. வீட்டுக்குள் போகிற கரண்டும் திரும்பி வருகிற கரண்டும் ஒரே அளவா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். கொஞ்சம் குறைந்தாலும், வேறு எங்கோ வழி கண்டுபிடித்துப் போகிறது, ஒருவேளை ஒரு மனுஷ உடம்பு வழியாகவே போகிறது என்று எடுத்துக்கொண்டு, அடுத்த நொடி வருவதற்குள் மொத்தத்தையும் துண்டித்துவிடும். புது வீடுகளில் இது இல்லாமல் நான் கையெழுத்துப் போடமாட்டேன். குத்தம்பாக்கம் பக்கத்தில் இருக்கிற எங்கள் வீடு பழசு. என் மாமனார் நிலத்தில் கத்தரியும் கீரையும் போட்டுக் கட்டியது. அந்தக் காலத்து பியூஸ் கட்டைகளை எடுத்துவிட்டு லோடு கூடினால் தானாக விழும் எம்சிபி சுவிட்சுகளை மாட்டியதோடு நானும் சும்மா இருந்துவிட்டேன்.

ஒரு நாள் புது பிளாட்டில் சாவி வாங்க வந்த கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன் ஒருவன், நான் போர்டைச் சோதிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றான். மதுரைப் பக்கத்துக்காரன். "உங்க வீட்ல ஆர்சிசிபி எத்தனை மில்லி ஆம்பியர் போட்ருக்கீங்க மேடம்?" என்று நல்ல மனதோடுதான் கேட்டான். எவ்வளவு கசிந்தால் துண்டிக்கும் என்கிற அளவு அது. முப்பது என்று கூசாமல் பொய் சொன்னேன். திரும்பும் வழியில் கரையான்சாவடிக் கடையில் வண்டியை நிறுத்தி முப்பது மில்லி ஆம்பியரில் ஒன்று வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மெயின் போர்டில் மாட்டினேன். பொய் சொன்னதற்கு அதுதான் பரிகாரம் என்று நிம்மதியாக இருந்தது.

திங்கட்கிழமை காலை என் ஓரகத்தி மிக்ஸியைப் போட்டாள். டப். புதுப் பெட்டி டிரிப் ஆகி, வீடு முழுக்க இருட்டு. அதன் சுவிட்சை மறுபடி தூக்கிவிட்டேன். என் கொழுந்தன் சட்டைக்கு இஸ்திரி போட்டான். டப். சாயங்காலம் அத்தை, அதாவது என் மாமியார், சீரியல் பார்க்க உட்கார்ந்தபோது பிரிட்ஜ் தானாக ஓட ஆரம்பித்தது. டப். வில்லி கன்னத்தில் அறை வாங்கினாளா இல்லையா என்பது அன்றைக்கு எங்கள் தெருவில் அத்தைக்கு மட்டும்தான் தெரியாது.

டிரிப் ஆகும்போது எது ஓடிக்கொண்டிருந்ததோ அதுதான் குற்றவாளி என்று வீட்டில் முடிவு கட்டினார்கள். மிக்ஸியை ரிப்பேர் கடைக்கு எடுத்துப் போனார்கள். ஒரு குறையும் இல்லை என்று திரும்பி வந்தது. ஓரகத்தியின் சீதன மிக்ஸி அது. பெட்டியை மாட்டி அதன் மேல் சந்தேகம் வரவைத்தது நான்தான் என்று அவள் இரண்டு நாள் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வேலை முடிந்து வந்து அரை மணி, ஒரு மணி என்று நானும் தேடினேன். வியாழக்கிழமை நியூட்ரல் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி மெகர் வைத்துப் பார்த்தேன். வயருக்கும் பூமிக்கும் நடுவே கசிவு இருக்கிறதா என்று சொல்லும் கருவி அது. ஹால் நன்றாக இருந்தது. சமையலறை, இரண்டு படுக்கையறைகள், மாடி, எல்லாமே நன்றாக இருந்தன. அப்படியானால் பெட்டிதான் கோளாறு என்று வெள்ளிக்கிழமை அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு கரையான்சாவடிக் கடைக்காரரிடம் சண்டைக்குப் போனேன். அவர் என் கண் முன்னாலேயே அதைச் சோதித்துக் காட்டினார்.

"பொட்டி நல்லாத்தான் கீதுக்கா. கோளாறு உங்க ஊட்டுலதான் கீது."

எனக்கே வயரிங் சொல்லித்தருகிறாயா என்று கேட்டுவிட்டு வந்தேன். வீடு வந்து பெட்டியைத் திரும்ப மாட்டி முடிக்கும் வரை கோபம் ஆறவில்லை.

சனிக்கிழமை மதியம் உள்ளே நுழைந்தால் மின்விசிறி ஓடுகிறது, மிக்ஸி ஓடுகிறது, டிவி அலறுகிறது. போர்டைத் திறந்து பார்த்தேன். கொழுந்தன் பெட்டியைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு நேரடியாக இணைத்திருந்தான்.

"இன்னா அண்ணி, ஒரு வாரமா ஊடு ஊடாவா கீது? அப்பா காலத்துல இருந்து இந்தப் பொட்டி இல்லாமத்தானே வாழ்ந்துகினு இருந்தோம்?"

நான் கத்திவிட்டேன். அந்தப் பெட்டி பொய் சொல்லாது. எங்கேயோ கசிகிறது, அந்த இடத்தில் இந்த வீட்டு ஆள் யாரோ தினமும் கை வைக்கிறார், நேற்று வரை ஒன்றும் ஆகவில்லை என்பதால் நாளைக்கும் ஆகாது என்று எழுதிக் கொடுப்பாயா என்று கேட்டேன். அவன் கழற்றி வைத்த பெட்டியை என் பக்கம் தள்ளினான். பிறகு, "ஞாயித்துக்கெழமை பொழுது சாயற வரைக்கும் டைம். கண்டுபுடிச்சா மாட்டிக்கோ. இல்லாங்காட்டி இது இப்படியேதான்" என்றான். வீட்டுக்காரர் ஷிப்டுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். யார் பக்கமும் பேசாமல் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அத்தை மட்டும் கீரையை ஆய்ந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை காபி குடித்ததும் மெயினை அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். வியாழக்கிழமை பார்த்ததையே மறுபடி பார்த்தேன். எல்லாமே சுத்தமாக இருந்தன. பதினோரு மணிக்கெல்லாம் எனக்குப் பயம் வந்துவிட்டது. வீட்டுக்குள் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கிறது, கண்டுபிடிக்க முடியாமல் நான் தோற்கப் போகிறேன், அதற்குப் பிறகு அது யாரைப் பிடிக்குமோ.

அத்தை வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"அந்த மோட்டார் ரூமையும் ஒரு தபா பாரேம்மா."

"அது நான் போட்டது அத்தை."

"தெரியும். பாரு."

மோட்டார் ரூம் பின்பக்கம் அறுபது அடி தள்ளி இருக்கிறது. எனக்குக் கல்யாணமாகி எட்டாவது மாதம் அதைக் கட்டினார்கள். அப்போது என்னிடம் லைசென்ஸ் கிடையாது. பாலிடெக்னிக் டிப்ளமோவும் எதற்கும் துணிந்த வாயும்தான் இருந்தன. ஆள் எதற்கு, நானே இழுக்கிறேன் என்று இறங்கினேன். அன்றைக்குப் புது மோட்டாருக்குப் பூசை. சொந்தக்காரர்கள் எல்லாம் வந்திருந்தார்கள். மருமகள் ஏணியில் ஏறி வயர் இழுப்பதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. நான் முறைப்படி படித்துச் செய்த முதல் வேலை என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். அதனால்தான் வாரம் முழுக்க அதைச் சோதிக்கவே இல்லை. நான் போட்ட இடத்தில் என்ன இருக்கப் போகிறது என்று இருந்துவிட்டேன்.

அந்த நியூட்ரலைக் கழற்றி மெகர் வைத்தேன். முள் பூஜ்யத்தில் போய்ப் படுத்துக்கொண்டது, கசிவு அங்கேதான்.

பின்பக்கம் போய் பிளக் போர்டைத் திருகிக் கழற்றினேன். உள்ளே இரண்டு அங்குலத்துக்கு ஒரு கறுப்பு வயர்த் துண்டு. ஒரு முனை நியூட்ரல் திருகில், மறு முனை எர்த் திருகில். பார்த்த மாத்திரத்தில் எல்லாம் ஞாபகம் வந்தது. அன்றைக்கு எர்த்துக்குப் பச்சை வயர் வாங்க மறந்துவிட்டேன். பூசைக்கு நேரமாகிறது என்று அவசரப்படுத்தினார்கள். இந்தத் துண்டைப் போட்டால் டெஸ்ட் விளக்கு எரியும், எர்த் இருக்கிற மாதிரியே தெரியும், நாளைக்கு வயர் வாங்கி ஒழுங்காக இழுத்துக்கொள்ளலாம் என்று போட்டேன். விளக்கு எரிந்ததும் எல்லோரும் கை தட்டினார்கள். அந்த நாளை பிறகு வரவே இல்லை. பதினொரு வருஷம் ஆகிவிட்டது.

மெயினைத் தாண்டிய பிறகு நியூட்ரலும் எர்த்தும் எங்கேயும் சந்திக்கக் கூடாது. இதை எத்தனையோ பேரிடம் விரலை ஆட்டிச் சொல்லியிருக்கிறேன். சந்தித்தால், திரும்பி வர வேண்டிய கரண்டில் ஒரு பங்கு மோட்டார் உடம்பில் ஏறி, இரும்புக் குழாய் வழியே போர்வெல்லுக்குள் இறங்கிவிடும். மிக்ஸியைப் போட்டாலும் சரி, பிரிட்ஜ் ஓடினாலும் சரி, கணக்கு குறையும், பெட்டி விழும். அதுகூடப் பரவாயில்லை. அந்த அறுபது அடி நியூட்ரலில் எங்காவது ஓர் இணைப்பு விட்டிருந்தால், இருநூற்று முப்பது வோல்ட்டும் அந்தக் குழாயில் வந்து உட்கார்ந்திருக்கும். விதிப் புத்தகத்தில் இப்படிப்பட்ட குழாய்க்கு நீளமாக ஒரு பெயர் உண்டு: மின் அமைப்பைச் சேராத, ஆனால் மின்சாரத்தைக் கடத்தக்கூடிய பகுதி. எங்கள் வீட்டில் அதற்குப் பெயர் பின்பக்கக் குழாய். காலையும் மாலையும் அதன் கீழே உட்கார்ந்து பாத்திரம் தேய்ப்பது அத்தை.

திரும்பினால் அத்தை வாசற்படியில் நின்றிருந்தார்.

"குழாய்ல உங்களுக்கு எப்பவாவது ஷாக் அடிச்சிருக்கா அத்தை?"

"ஷாக்லாம் இல்ல. மோட்டார் ஓடச் சொல்லோ லேசா கடிக்கும். கட்டெறும்பு மாதிரி. வெயில் காலத்துல கொஞ்சம் ஜாஸ்தி. அதான் பலகை போட்டுக் குந்திக்கிறேன்."

அத்தை பலகை போட்டு உட்காருவதை முழங்கால் வலிக்காக என்று இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். எப்போதிலிருந்து என்று கேட்டேன்.

"நீ ரூமுக்கு லைன் இஸ்த்த நாள்லேந்துதான்."

"ஏன் அத்தை எங்கிட்ட சொல்லல?"

"இன்னாத்த சொல்றது? அன்னிக்கு எல்லாரும் கை தட்டுனாங்க. ஏணி மேல நின்னுகினு நீ சிரிச்ச பாரு, இந்த ஊட்டுக்கு வந்து அன்னிக்குத்தான் மொதல் தபா சிரிச்ச. போய் கடிக்குதுன்னு சொல்வனா?"

நான் அந்தத் துண்டு வயரைக் கையில் வைத்துக்கொண்டு அழுதேன். அத்தை எட்டிப் பார்த்துவிட்டு, "எலி கடிச்சிச்சுன்னு சொல்லிக்கலாம், வுடு" என்றார்.

பச்சை வயர் கரையான்சாவடியில்தான் வாங்க வேண்டியிருந்தது. கடைக்காரர் ஏன் எதற்கு என்று கேட்கவில்லை. பொட்டி நல்லாத்தான் இருந்தது அண்ணா, என் மேல்தான் தப்பு என்று நானாகவே சொன்னேன். எர்த் குழியிலிருந்து மோட்டார் வரை புது வயர் இழுத்து, துண்டை எடுத்துவிட்டு, பெட்டியை மறுபடி மாட்டி மெயினைப் போட்டேன். மிக்ஸி, இஸ்திரி, பிரிட்ஜ், மோட்டார் எல்லாவற்றையும் ஒன்றாக ஓடவிட்டேன். பெட்டி அசையவில்லை. அதில் இருக்கிற டெஸ்ட் பொத்தானை அழுத்தினேன், ஒழுங்காக விழுந்தது. திரும்பத் தூக்கிவிட்டேன். ஒரு வாரமாகச் செத்துப்போயிருந்த வீட்டுக்கு உயிர் வந்தது.

சாப்பிட உட்கார்ந்தபோது கொழுந்தன், "எலியாமே அண்ணி? அம்மா சொல்லிச்சு" என்றான்.

வாய் வரைக்கும் ஆமாம் வந்தது. விழுங்கிக்கொண்டேன்.

"எலி இல்ல. நான். மோட்டார் ரூம்ல தப்பா போட்டுட்டேன். பதினொரு வருஷமா உங்கம்மா அந்தக் குழாயத் தொட்டுக்கிட்டு இருந்திருக்காங்க."

இதை வைத்தே என்னை ஒரு வருஷத்துக்கு ஓட்டுவான் என்று நினைத்தேன். ஆனால் அவன், "நேத்து அந்தப் பொட்டியக் கழட்டிப் போட்டது நானு" என்று மட்டும் மெதுவாகச் சொன்னான். ஓரகத்தி அவன் தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள், எனக்கும் போட்டாள். மிக்ஸி விவகாரத்தில் எனக்கு மன்னிப்புக் கிடைத்துவிட்டது என்று புரிந்தது.

நாலு மணிக்கு அத்தை பாத்திரங்களை அள்ளிக்கொண்டு பின்பக்கம் போனார். மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. இருங்க அத்தை, மீட்டர் வைத்துக் காட்டுகிறேன் என்று நான் ஓடினேன். அதற்குள் வெறுங்காலோடு ஈரத்தில் உட்கார்ந்து குழாயைத் திறந்துவிட்டார். நானும் புடவையைச் செருகிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து சாம்பல் தொட்டுத் தேய்த்துக் கொடுத்தேன்.

"கடிக்குதா அத்தை?"

"இல்லம்மா. சில்லுனு கீது."

"இனிமே எது கடிச்சாலும் எங்கிட்ட சொல்லணும். நான் வருத்தப்படுவேன்னு மனசுக்குள்ள வெச்சுக்கக் கூடாது."

அத்தை ஒரு குண்டானைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுக் கொஞ்சம் யோசித்தார்.

"சொல்லணுமா?"

"கண்டிப்பா சொல்லணும்."

"அப்ப ஒண்ணு சொல்றேன், கோச்சுக்காத. நீ வெக்கிற காரக்கொழம்ப வாயில வெக்க முடியல. அதுவும் பதினோரு வருசமாத்தான்."