மடங்காத விரல்

சுண்டுவிரல் மடங்கிவிட்டது. மோதிரவிரலும் நடுவிரலும் மடங்கிவிட்டன. ஆள்காட்டி விரல் மட்டும் மடங்கலாமா வேண்டாமா என்று பாதியில் நிற்கிறது. அம்மாள் கணினித் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. வலது கை மவுஸை உருட்டிக்கொண்டிருக்க, இடது கை மேசைமேல் முழங்கையூன்றி நிற்கிறது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இரண்டு இளநிலை ஆய்வாளர்கள் டீக் கோப்பையோடு நின்று அந்த ஒரு விரலையே பார்க்கிறார்கள். அதுவும் மடங்கியது.

"முடிஞ்சுது. வாங்க போலாம்" என்றார் ஒருவர்.

காப்புரிமை அலுவலகத்தில் அம்மாளுடையது ஆன்டெனா மேசை. கைபேசி, கைக்கடிகாரம், கார்ச் சாவி என்று எதற்குள்ளாவது சிக்னல் பிடிக்கிற கம்பியையோ தகட்டையோ புது மாதிரியாக வளைத்து வைத்துவிட்டேன், உரிமை கொடுங்கள் என்று யார் கேட்டாலும் அந்த விண்ணப்பம் இவரிடம்தான் வந்து சேரும். அது நிஜமாகவே புதிதுதானா என்று பார்ப்பது இவர் வேலை. கேட்கப்படும் உரிமையை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, உறுப்புக்கு ஒரு விரலாக நிறுத்திக்கொள்வார். ஐந்துக்கு மேல் போனால் மவுஸை விட்டுவிட்டு வலது கையும் வந்து சேரும். ஏதாவது ஒரு பழைய ஆவணத்தில் அந்த உறுப்புகளை ஒவ்வொன்றாகக் காணக் காண விரல் மடங்கும். எல்லாம் மடங்கிக் கை முட்டியாகிவிட்டால் விண்ணப்பம் போச்சு. ஒரு விரலாவது நின்றால் அது புதிது.

கம்ப்யூட்டரில் கட்டம் போட்டு நிரப்ப வசதி இருக்கிறது. அம்மாள் அதையும் நிரப்புவார், விரலை மடக்கிய பிறகு. விரல்மேல் இருக்கிற நம்பிக்கை கட்டத்தின்மேல் அவருக்கு வரவில்லை.

"இது ஏற்கெனவே இருக்குங்க" என்பது அம்மாள் வாயிலிருந்து ஒரு நாளைக்குப் பத்து முறையாவது வரும். அதனால் அலுவலகம் முழுக்க அவருக்கு 'ஏற்கெனவே மேடம்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தது தான்தான் என்று டீ கொண்டுவருகிறவர் ஒருமுறை பெருமையடித்துக்கொண்டார். அம்மாள் விடுவாரா? அதற்கு இரண்டு வருஷம் முன்பே நூலகப் பிரிவில் அப்படிக் கூப்பிட்டார்கள் என்று தேதியோடு சொல்லி அந்த மனிதர் வாயை அடைத்துவிட்டார்.

பஸ்ஸில் உட்கார்ந்தால் பக்கத்துச் சீட்டுக்காரரின் கைபேசி விளிம்பைத்தான் பார்ப்பார். உலோகச் சட்டத்தில் மெல்லிசாகக் கோடு விட்டிருப்பார்கள் அல்லவா, சிக்னல் போக, வர? அது எத்தனை, எங்கெங்கே என்று எண்ணுவார். இந்த அம்மாள் நம் மெசேஜைப் படிக்கிறாளே என்று அந்த மனிதர் கைபேசியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி உட்காருவார். அம்மாள் விட்ட இடத்திலிருந்து அவருக்குப் பின்னால் எட்டிப் பார்த்து எண்ணுவார். இரண்டு முறை திட்டு வாங்கியிருக்கிறார்.

இதில் பெரிய வேடிக்கை, அவர் வீட்டில் சிக்னல் கிடையாது. நாலு பக்கமும் உயரக் கட்டடங்கள், நடுவில் இவர்கள் தரைத்தளத்தில். குளியலறை ஜன்னலோரம் ஒரு சாண் இடத்தில் மட்டும் இரண்டு கோடு வரும். வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். சும்மா இருக்கிற கையில்லை. சோப்புப் பெட்டியைக் கம்பியில் கட்டி ஜன்னலில் தொங்கவிட்டு, அதில் கைபேசியை வைத்து, "எப்படி?" என்று மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார்.

அம்மாள் தலைதுவட்டிக்கொண்டே மூன்று விரலை மடக்கினார். "ஏற்கெனவே இருக்குங்க. கார்ல போன் மாட்டற தாங்கி. பெட்டி, பிடி, தொங்கறது. மூணும் அதுல இருக்கு."

"கார்ல சோப்புப் பெட்டியா வெக்கறாங்க?"

"சோப்புப் பெட்டிங்கறது வெறும் பொருள் மாத்தம். அதுக்கெல்லாம் உரிமை தர முடியாது."

"உன்கிட்ட யாரும்மா உரிமை கேட்டா? நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொன்னா கொறஞ்சா போயிடுவே?" என்றார் அவர். முப்பது வருஷமாக அவர் கேட்டுக்கொண்டிருப்பது இந்த ஒரு வார்த்தையைத்தான். அம்மாளுக்கு அது வராது. நல்லாருக்கு என்பது அபிப்பிராயம், அதற்கு ஆதாரம் கிடையாது.

இப்படிப்பட்டவர் கையில்தான் காது மிஷின்காரரின் விண்ணப்பம் வந்து விழுந்தது. காது கேளாதவர்களுக்கான கருவிகளைப் பழுது பார்க்கிற சின்னக் கடைக்காரர் அவர். பேட்டன்ட் வக்கீல் யாரும் இல்லாமல் தானே எழுதி, தானே பென்சிலால் படம் போட்டு அனுப்பியிருந்தார். காதை வரைந்தவர் அதில் நாலு முடியைக்கூட விடாமல் வரைந்திருந்தார். கேட்ட உரிமை நாலே வரி: காதுக்குப் பின்னால் உட்காரும் கருவி, காதுமடல்மேல் வளையும் கொக்கி, கொக்கிக்குள் ஓடும் கம்பி, அந்தக் கம்பியே ஆன்டெனாவாகக் கருவியோடு இணைந்திருப்பது. கூடவே ஒரு கடிதம். இந்த உரிமை கிடைத்தால் கருவியைச் செய்து தர ஒரு தொழிற்சாலை ஒப்புக்கொண்டிருக்கிறது, கிடைக்காவிட்டால் இல்லை, எட்டு வருஷ உழைப்பு, தயவு செய்து சீக்கிரம் பார்க்கவும்.

அம்மாள் நாலு விரலை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்தார். மூன்று நாள் சல்லடை போட்டுச் சலித்தும் ஒரே ஆவணத்தில் நாலும் அகப்படவில்லை. இரண்டு மடங்கும், மூன்று மடங்கும், நாலாவது சண்டி பண்ணும். ஆனால் மனசுக்குள் என்னவோ அரித்தது.

"எங்கேயோ பார்த்திருக்கேன் சார் இத" என்று பிரிவுத் தலைவரிடம் போய் நின்றார்.

"எங்க?"

"அதான் தெரியல."

"கிடைக்கலைன்னா கொடுத்துடுங்க மேடம். பாவம், ஏழை மனுஷன்."

"பாவத்துக்கெல்லாம் விரல் கிடையாது சார்" என்று திரும்பி வந்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் சோப்புப் பெட்டிக்கு நல்ல கம்பி தேடி அலமாரி உச்சியைக் குடைந்தார். கம்பி கிடைக்கவில்லை. கறுப்பு அட்டை போட்ட ஒரு பழைய புத்தகம் கிடைத்தது. தூசியை ஊதிப் பிரித்துப் பார்த்தார்.

"ஏம்மா, இந்தப் படத்துல யாரோ காதுல கம்பியை மாட்டிக்கிட்டு நிக்கறாங்களே, யாரு இது?"

அம்மாள் துவைத்த துணியை அப்படியே வாளியில் போட்டுவிட்டு வந்தார். அது அவருடைய கல்லூரி இறுதியாண்டு ஆய்வேடு. முப்பத்தொரு வருஷத்துக்கு முன்னால் அவரே செய்தது. காதுக்குப் பின்னால் மாட்டிக்கொள்கிற குட்டி வானொலி, அதன் கொக்கிக்குள் ஆன்டெனாக் கம்பி. மேசைமேல் வைத்தால் பாடும், காதில் மாட்டினால் செத்துப்போகும். ஏன் என்று அவருக்குக் கடைசிவரை தெரியவில்லை. பேராசிரியர் போனால் போகிறது என்று பாஸ் போட்டுவிட்டார். செய்ய நமக்கு வரவில்லை, செய்தவர்களைக் கேள்வி கேட்கலாம் என்று அம்மாள் இந்த வேலைக்கு வந்தது அதற்குப் பிறகுதான். அந்த ஏட்டை அப்போது மேலே ஏற்றியவர், திரும்ப எடுத்துப் பார்க்கவே இல்லை.

அலமாரி முன்னால் நின்றபடி ஒவ்வொரு விரலாக மடக்கினார். ஈரக் கை முட்டியாகிவிட்டது.

"அட, உனக்கே ஏற்கெனவேவா?" என்றார் வீட்டுக்காரர். சிரித்தவர், அம்மாள் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் கல்லூரி நூலகத்துக்குப் போன் போட்டார். ஆமாம், ஒரு பிரதி இருக்கிறது, பட்டியலிலும் இருக்கிறது, யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்றார் நூலகர். பிறகு தானாகவே, "ஆனா இதுவரைக்கும் ஒருத்தர்கூட எடுக்கலைங்க" என்றும் சொல்லி வைத்தார். யாரும் பார்க்கும்படி இருந்தாலே சட்டப்படி அது பழைய ஆவணம்தான்; அந்த இரண்டாவது தகவல் அம்மாளுக்குத் தேவைப்படவில்லை.

பிரிவுத் தலைவர் தலையில் கை வைத்துக்கொண்டார். "யாருமே எடுக்காத புத்தகம். நீங்க சொல்லலைன்னா யாருக்கும் தெரியப் போறதில்ல. பேசாம விட்டுடலாமே."

"எனக்குத் தெரியுமே சார்."

"அந்த ஆளு நெலமையைக் கொஞ்சம் யோசிங்க."

"யோசிக்காமலா இருக்கேன்?" என்றார் அம்மாள். இரண்டு ராத்திரியாகத் தூக்கம் இல்லை. ஓடாத ஒன்றைச் செய்து வைத்துவிட்டு, அதைக் கொண்டு ஓடுகிற ஒன்றை நிறுத்துவதா என்று தம்மையே கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் காது மிஷின்காரருக்கு மறுப்புக் கடிதம் போயிற்று, ஆய்வேட்டின் நகலோடு. அட்டையில் இருந்தது கல்யாணத்துக்கு முந்தைய பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. அது தாம்தான் என்று கோப்பில் எழுதி, தலைவரின் கையெழுத்தும் வாங்கி வைத்தார்.

காது மிஷின்காரர் நேரில் விளக்கம் சொல்லக் கடைசி வாய்ப்பு ஒன்று உண்டு. அந்த நாளில் வந்தார். துணிப்பையிலிருந்து ஒரு ரப்பர்க் காதை எடுத்து மேசைமேல் வைத்தார். கடையில் கருவியை மாட்டிக் காட்ட வைத்திருப்பது. சண்டைக்கு வருவார் என்று அம்மாள் எதிர்பார்த்திருந்தார். அவரோ ஆய்வேட்டின் நகலைப் பூப்போல எடுத்துப் பிரித்தார்.

"யாரோ காலேஜ் பொண்ணு எழுதியிருக்கு மேடம். என்ன மூளைங்கறீங்க. நான் எட்டு வருஷம் முட்டி மோதினத அது ஒரே வருஷத்துல முக்கால்வாசி புடிச்சிடுச்சு. ஆனா கடைசிப் பக்கத்துல, 'காதில் மாட்டியதும் ஒலி நின்றுவிட்டது, காரணம் அறியக்கூடவில்லை'ன்னு எழுதிட்டு விட்டுடுச்சு. படிச்சதும் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு."

அம்மாள் தண்ணீர் குடித்தார். "காரணம் என்ன?"

"இங்க பாருங்க." ரப்பர்க் காதில் கொக்கியை மாட்டினார். "அந்தப் பொண்ணு கம்பியோட நுனியில கனெக்‌ஷன் கொடுத்திருக்கு. நுனி எங்க போய் உக்காருது? தோல்மேல. தோல்ல ஈரம். வர்ற சிக்னலை அதுவே குடிச்சிடும். நான் இதோ, வளைவோட உச்சியில கொடுத்தேன். தோலுக்கும் அதுக்கும் நடுவுல ஒரு காயிதம் நுழையற சந்து விட்டேன். அவ்வளவுதான் மேடம்."

"எப்படித் தெரிஞ்சுது?"

"என் வீட்டுக்காரிதான். வெளியூர்ல இருக்கற பையன் வாரா வாரம் போன் பண்ணுவான். போன் சத்தம் கம்பியில்லாம நேரா மிஷினுக்கு வரும், அவ தலையைச் சாய்ச்சா போயிடும். பாதிப் பேச்சு கேக்கவே கேக்காது, கேட்ட மாதிரி தலையாட்டிக்கிட்டு இருப்பா. எந்தப் பக்கம் சாஞ்சா போவுதுன்னு பார்த்துப் பார்த்துத்தான்."

முப்பத்தொரு வருஷம். ஒரு காகிதம் நுழைகிற சந்து. அம்மாளுக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடச் சந்தோஷமாக இருந்தது. இரண்டையும் காட்டிக்கொள்ளாமல் விண்ணப்பத்தைப் புரட்டினார்.

"இந்த உச்சியும் சந்தும் நீங்க கேட்ட உரிமையில இல்லியே?"

"படத்துல இருக்கே மேடம்."

"படத்துல காது முடிகூடத்தான் இருக்கு. அதுக்கும் உரிமை வேணுமா?"

மனிதர் திருதிருவென்று விழித்தார். "அப்ப, அத இப்பச் சேர்க்கலாங்களா?"

"சேர்க்கலாம். அதுக்கு முன்னாடி நான் தேடணும். உக்காருங்க."

இடது கை மேசைமேல் ஏறியது. நாலு விரல் ஏற்கெனவே மடங்கித்தான் இருந்தன. ஐந்தாவது உறுப்புக்காகக் கட்டைவிரல் எழுந்தது. அம்மாள் தேட ஆரம்பித்தார். டீ வந்து ஆடை கட்டியது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே இளநிலை ஆய்வாளர்கள் இரண்டு பேர் நாலு பேரானார்கள். எதிரே இருந்தவருக்கு இந்த விரல் கணக்கு தெரியாது. பாவம், மேடத்துக்குக் கையில் ஏதோ பிடிப்பு என்று நினைத்திருக்க வேண்டும், மின்விசிறியைக் குறைக்கட்டுமா என்று ஒருமுறை கேட்டார்.

நாலு மணிக்கு அம்மாள் மவுஸை விட்டார். வெள்ளைக் காகிதம் ஒன்றை அவர் பக்கம் நகர்த்தி, "எழுதுங்க. வளைவின் உச்சியில் இணைப்பு, தோலுக்கும் அதற்கும் இடைவெளி. அளவு போடுங்க. காயிதம் நுழையற அளவுன்னு எழுதாதீங்க" என்றார்.

"அப்ப, இது?"

"புதுசு" என்றார். பிறகு, ஆதாரம் எதுவும் காட்டாமல், "நல்லாருக்கு" என்றும் சொன்னார்.

காது மிஷின்காரர் எழுதினார். அளவை அடித்து அடித்து எழுதியதில் இரண்டு தாள் வீணானது. கையெழுத்துப் போட்டுவிட்டு, ரப்பர்க் காதைத் துடைத்துப் பைக்குள் வைத்தார். ஆய்வேட்டின் நகலை மட்டும் உள்ளே வைக்க மனமில்லாமல் அட்டையைத் தடவிக்கொண்டே வாசல்வரை போய்த் திரும்பினார்.

"இந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்கோ தெரியல. உங்களுக்கு ஏதாச்சும் விவரம் தெரியுமா மேடம்? கண்டா, ஏன் நின்னுச்சுன்னு ஒரு வார்த்தை சொல்லணும். இத்தன வருஷமா மண்டையக் கொடஞ்சிருக்கும்."

அம்மாளின் இடது கை இன்னும் மேசைமேல்தான் இருந்தது, நாலு விரல் மடங்கி, கட்டைவிரல் மட்டும் நிமிர்ந்து. அதை மெல்லத் தூக்கி, தன் நெஞ்சுப் பக்கமாகத் திருப்பினார்.