ஞாயிற்றுக்கிழமைகளில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவன்

என் தம்பி ஆர்லிஸ் குவார்ட்டர்பேக். இதை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் லாரல் பெண்ட் ஊரில் யாரைக் கேட்டாலும் வேறு மாதிரி சொல்வார்கள். முடிவெட்டும் கடையில் மாட்டியிருக்கும் அவன் படத்துக்குக் கீழேயும் வேறு மாதிரிதான் எழுதியிருக்கிறதாம். எழுதியிருக்கட்டும். அவனை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் நான்.

எங்கள் அமெரிக்கக் கால்பந்தில் பந்தை முதலில் கையில் வாங்குகிறவன் குவார்ட்டர்பேக். அதை யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது எல்லாம் அவன் இஷ்டம். எறிவது ஒன்றும் பெரிய காரியம் இல்லை, எங்கள் ஊரில் எந்தப் பையனும் எறிவான். ஒவ்வொரு முறையும் பந்து கைமாறுவதற்கு முன்னால் பத்து பேர் வட்டமாகக் குனிந்து நின்று ஒருவன் வாயைப் பார்ப்பார்கள். அவன் சொன்னதை நம்பி அந்தப் பத்து பேரும் தங்கள் எலும்பைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். பெரிய காரியம் அதுதான். ஆர்லிஸுக்கு அது பிறவியிலேயே இருந்தது. மர ஆலையிலிருந்து களைத்து வருகிற எங்கள் அப்பாவையே, "அப்பா, நீ அந்தக் கம்பத்துக்குப் பின்னாடி போய் நில்லு" என்பான். அந்த மனிதரும் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் போய் நிற்பார்.

எங்கள் கறுப்பு ஜனங்களின் கல்லூரியில் நாலு வருஷமும் அவன்தான் குவார்ட்டர்பேக். தோற்ற ஆட்டங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அறுபத்தெட்டில் வடக்கே ஏரிக்கரையில் இருக்கிற ஒரு பெரிய அணி அவனைக் கூப்பிட்டது. அந்த அணியின் பெயரை என் வாயால் சொல்ல மாட்டேன். கேட்காதீர்கள்.

போன முதல் நாளே பிராண்டல் என்கிற அந்த கோச் அவனைக் கூப்பிட்டு, "உனக்குக் கால்ல நல்ல வேகம்பா. தடுக்கிறவங்களோட பின்னாடி நில்லு" என்றாராம்.

"எனக்குக் கையும் இருக்கு கோச்" என்றான் இவன்.

அந்தக் காலத்தில் எதையும் நேராகச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைக்காரர்கள் வட்டமாகக் குனிந்து ஒரு கறுப்பன் வாயைப் பார்ப்பதா என்று யாராவது வாய்விட்டுக் கேட்பார்களா? கால் வேகம் என்பார்கள். கல்லூரியில் ராஜா மாதிரி பந்து எறிந்த எங்கள் பையன்களை எல்லாம் அந்த 'கால் வேகம்' என்ற ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் ஓடவும் தடுக்கவும் அனுப்பினார்கள். ஆர்லிஸ் ஒத்துக்கொள்ளவில்லை. பிடிவாதம் எங்கள் குடும்பத்துச் சொத்து. கடைசியில் கோச் ஒரு வழிக்கு வந்தார். ஒரு வருஷம் மூன்றாவது குவார்ட்டர்பேக்காக இருக்கட்டும். வாய்ப்பு வந்து திறமையைக் காட்டிவிட்டால் சரி. இல்லாவிட்டால் அடுத்த வருஷம் வாயை மூடிக்கொண்டு தடுக்கிறவர்களின் பின்னால் போய்விட வேண்டும். எங்கள் அம்மா அதைக் கேட்டுவிட்டு, "போதும். பைபிள்ல நோவாவுக்கு ஒரு படகுதான் கிடைச்சுது" என்றாள்.

மூன்றாவது ஆளுக்கு அங்கே என்ன வேலை தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை எந்த அணியோடு ஆட்டமோ, அந்த அணியின் குவார்ட்டர்பேக்காக வாரம் முழுக்க நடிப்பது. எதிராளி எப்படிக் கால் வைக்கிறான், எப்போது எறிகிறான், பந்தைக் கேட்டுக் கூவும்போது எத்தனையாவது குரலில் அதை வாங்குகிறான் என்று படம் பார்த்து அப்படியே செய்து காட்ட வேண்டும். நம்முடைய தடுப்பாட்டக்காரர்கள் அவனை வைத்துப் பழகிக்கொள்வார்கள். ஆர்லிஸ் இந்த வாரம் ஒரு டெக்ஸஸ்காரனாக இருப்பான், அடுத்த வாரம் ஒரு கலிஃபோர்னியாக்காரனாக இருப்பான். இடதுகைக்காரன் ஒருவன் வந்தபோது இடதுகையாலேயே எறிந்து காட்டினானாம். ஞாயிற்றுக்கிழமை வந்தால் பெரிய கோட்டு ஒன்றைப் போர்த்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருப்பான்.

சொந்த அணியில் பந்தை எடுத்துப்போகிற பந்தாட்டக்காரர்களோடு அவனை ஒரு நாள்கூடப் பழக விடவில்லை. இதை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். "ஒரு பத்து நிமிஷம் குடுங்க கோச்" என்று வாராவாரம் கேட்டிருக்கிறான். "அப்புறம் பாக்கலாம்" என்பதுதான் வாராவாரம் பதில்.

அந்த வருஷத்துக் கடைசி ஆட்டத்துக்கு நான் பஸ் ஏறிப் போனேன். பொரித்த கோழியைச் செருப்பு டப்பாவில் அடைத்து, சர்க்கரைவள்ளிக் கிழங்கில் சுட்ட இனிப்புப் பலகாரத்தை மடியில் வைத்துக்கொண்டு லூசியானாவிலிருந்து அத்தனை தூரம் போனேன். அவன் ஆட மாட்டான் என்று தெரியும். தம்பியைப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். சனிக்கிழமை சாயங்காலம் அவன் அறையில் டப்பாவைத் திறந்தேன். வாசனை பிடித்துக்கொண்டு ஹோசியா என்ற மலை மாதிரி ஆள் வந்து சேர்ந்தான். அலபாமாக்காரன், தடுப்பாட்டக்காரன், எங்கள் ஜனம்தான்.

"அக்கா, இந்தக் கோழிக்காகவே உங்க தம்பிய மன்னிக்கலாம்" என்றான்.

"என் தம்பி உன்னை என்னடா பண்ணினான்?"

"என்ன பண்ணலே? செவ்வாக்கிழமைலேர்ந்து வெள்ளி வரைக்கும் எங்க உயிர வாங்கறான். இந்த வருஷம் நாங்க பாத்ததுலேயே பெரிய குவார்ட்டர்பேக் இவன்தான் அக்கா. ஞாயித்துக்கிழமை எங்களுக்கு ஓய்வு நாள்."

ஆர்லிஸ் ஒரு எலும்பை எடுத்து அவன்மேல் எறிந்தான். "வாய மூடிட்டுத் தின்னுடா. எனக்கு ரெக்கை ரெண்டு வச்சிட்டுப் போ."

"எறியறத பாத்தீங்களா அக்கா? எலும்புகூடச் சுத்திக்கிட்டே வருது!"

மறுநாள் ஆட்டம். குளிர் எலும்புக்குள் போய்க் குடியேறிவிட்டது. முதல் பாதியிலேயே முதல் குவார்ட்டர்பேக்குக்குக் கணுக்கால் போயிற்று. கடைசிக் கால்பங்கில் இரண்டாமவனை நினைவில்லாமல் தூக்கிக்கொண்டு போனார்கள். கோச் பெஞ்சைப் பார்த்தார். பெஞ்சில் கோட்டுக்குள் என் தம்பி இருந்தான்.

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒருவன், "ஐயோ, போச்சு" என்றான். நான் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவன் தொப்பியை இழுத்து விட்டுக்கொண்டான்.

எங்கள் பக்கம் நாலு புள்ளி பின்தங்கியிருந்தது. பந்து எங்கள் முனையிலேயே கிடந்தது. கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு ஆர்லிஸ் உள்ளே ஓடினான். வட்டம் கூடியது. என்ன சொன்னானோ எனக்குக் கேட்கவில்லை. பந்து நகர ஆரம்பித்தது. எறிந்தான், பிடித்தார்கள். எறிகிற மாதிரி காட்டிவிட்டு ஓடினான். மறுபடி எறிந்தான். மைதானம் முழுக்க எழுந்து நின்றது. "போச்சு" என்ற அந்த ஆள் என் தோளைப் பிடித்துக் குலுக்கி, "யாரும்மா இந்தப் பையன்? யாரு இவன்?" என்று கத்தினான்.

எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினால் ஜெயம், அதற்கு மூன்று கெஜம்தான் இருந்தது. நேரமும் இருந்தது. அந்த இடத்தில்தான் அது நடந்தது.

அந்த வாரம் அவன் நடித்துக்கொண்டிருந்தது அன்றைக்கு எதிரே நின்ற அணியின் குவார்ட்டர்பேக்காக. அந்த ஆள் எப்போதும் இரண்டாவது குரலில்தான் பந்தை வாங்குவான். ஆர்லிஸும் வாரம் முழுக்க இரண்டாவது குரலிலேயே வாங்கிப் பழகியிருந்தான். வட்டத்தில் முதல் குரல் என்று சொன்னது இவன்தான். இவன் வாய் சொன்னது, இவன் கை கேட்கவில்லை. முதல் குரலிலேயே, பந்தோடு முன்னால் குனிந்திருந்த நடு ஆள் அதைப் பின்னால் கொடுத்தான். கை இன்னும் இரண்டாவது குரலுக்குக் காத்திருந்தது. பந்து அவன் விரலில் பட்டுத் தரையில் விழுந்தது. மேலே ஆட்கள் விழுந்தார்கள். எழுந்தபோது பந்து எதிரணியிடம் இருந்தது, ஆட்டம் போயிற்று.

ஆட்டம் முடிந்து ஹோசியாவின் காரில் போனோம். பேச்சை ஹோசியாதான் ஆரம்பித்தான்.

"அவங்க உன்னை நம்ம பந்தாட்டக்காரங்களோட ஒரு நாள் விட்டிருந்தா இது நடக்குமாடா?"

"பந்த கீழ விட்டது என் கை" என்றான் ஆர்லிஸ்.

"கைய யாரு அப்படிப் பழக்கினது?" என்று நான் கேட்டேன்.

"அக்கா, விட்டுடு."

"நான் எதுக்கு விடணும்? நாளெல்லாம் அடுத்தவன் சட்டையையே மாட்டிவிட்டுட்டு, திடீர்னு ஒரு நாள் உன் சட்டை எங்கேன்னா?"

"அக்கா." அவன் குரலே மாறிவிட்டது. "கோச் திட்டலே. ஒரு வார்த்த திட்டலே. முதுகுல தட்டிக் குடுத்தார். திட்டியிருந்தா தேவலே."

அடுத்த கோடையில் பயிற்சி முகாமிலிருந்து தொலைபேசி வந்தது. எங்கள் தெருவில் கடைக்காரி வீட்டில் மட்டும்தான் தொலைபேசி. ஓடிப்போய் எடுத்தேன். "ஒத்துக்கிட்டேன் அக்கா" என்றான். எதற்கு என்று நான் கேட்கவில்லை. அம்மாவிடம் வந்து சொன்னேன். அவள் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாள். கையை நிறுத்தவில்லை. "பாவம் புள்ள" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் ஏழு வருஷம் பின்னால் நின்று தடுத்தான். நன்றாகவே தடுத்தான் என்கிறார்கள். முடிவெட்டும் கடையில் இருக்கிற படம் அப்போது எடுத்ததுதான். ஓடி வருகிறவனைத் தோளாலும் தலையாலும் மோதுவதுதான் அந்த வேலை. திரும்பி வந்தபோது வலது கையைத் தோளுக்கு மேலே தூக்க முடியவில்லை. காகித ஆலையில் வேலைக்குச் சேர்ந்தான். கல்யாணம் செய்துகொண்டான், கட்டினவளையும் புதைத்தான். பிறகு என்னோடு வந்து இருந்தான். பந்தாட்டத்தைப் பற்றி வீட்டில் பேச்சே கிடையாது. டிவியில் ஆட்டம் போட்டால் எழுந்து கொல்லைப்பக்கம் போய்விடுவான். இப்போது எங்கள் ஜனம் எத்தனையோ பேர் குவார்ட்டர்பேக்காக ஆடுகிறார்கள். அதையும் பார்க்க மாட்டான்.

போன வருஷம் ஒரு பத்திரிகைக்காரன் வந்தான். அந்தக் காலத்தில் ஆட விடாமல் போன கறுப்புக் குவார்ட்டர்பேக்குகளைப் பற்றி எழுதுகிறானாம். ஹோசியா சொல்லி அனுப்பியிருக்கிறான். ஆர்லிஸ் கதவைத் திறந்து அவன் சொன்னதை முழுக்கக் கேட்டான்.

"தப்பான வீட்டுக்கு வந்துட்டீங்க தம்பி. நான் தடுப்பாட்டக்காரன்" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டான்.

நான் பின்கதவு வழியாகப் போய் அந்தப் பையனை மறித்தேன். முழங்கால் வலியோடுதான் ஓடினேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவன் நல்ல பையன்தான். "அவரே இல்லேங்கிறப்போ நான் எப்படிம்மா எழுதறது?" என்றான். கார் போய்விட்டது.

உள்ளே வந்தேன். ஆர்லிஸ் சாப்பாட்டு மேஜையில் வெண்டைக்காயும் சோளரொட்டியும் முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"ஏன்டா அப்படிச் சொன்னே?"

"வேற என்ன சொல்றது? ஒரே ஒரு தடவ உள்ள போனேன், பந்த கீழ போட்டேன்னா?"

"அதுக்கு முன்னாடி மைதானம் பூரா கொண்டுபோனியே, அத சொல்லு."

"அத யாரு கேப்பா?"

"நான் கேப்பேன். அன்னிக்கு எனக்குக் கேக்கலே."

தட்டைத் தள்ளிவைத்தான்.

"உள்ள போனேனா, எவனும் என் மூஞ்சியப் பாக்கலே. எல்லாரும் தரையப் பாக்கறாங்க. நான் சொன்னேன், என் பேரு ஆர்லிஸ், இத்தன மாசமா ஒரே குளியலறையில குளிக்கறோம், நாம இன்னும் அறிமுகமே ஆகலேன்னு. நடு ஆள், கொசினான்னு ஒருத்தன் இருந்தானே, அவன் கெக்கேன்னு சிரிச்சுட்டான். அவன் சிரிச்சதும் மத்தவனுங்க தலைய நிமித்தினாங்க அக்கா. பத்து பேரும் என்னைப் பாத்தாங்க."

உப்பு டப்பாவை நகர்த்தினான், அது கொசினா. சோளரொட்டித் துண்டுகளை வரிசையாக வைத்தான். யார் எங்கே ஓடினார்கள், எவன் கீழே விழுந்தும் பிடித்தான், எவன் வாயில் ரத்தத்தோடு "இன்னொண்ணு எனக்குப் போடு" என்றான், ஒன்று விடாமல் சொன்னான். தூக்க முடியாத அந்தக் கையைத் தூக்கப் பார்த்து, முகம் சுளித்து, மறுபடியும் சொன்னான். அந்தப் பத்து நிமிஷம் அவன் இருபத்திரண்டு வயசுப் பையன்.

மூன்று கெஜம் வந்தது. அங்கே நிறுத்திக்கொண்டான். நான் அதற்குமேல் கேட்கவில்லை. துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து மறுபடி தட்டில் போட்டு, எழுந்து போய்த் தண்ணீர்க் குழாயைத் திறந்தான். நெடுநேரம் ஒரே தட்டைக் கழுவிக்கொண்டு நின்றான்.

மார்ச் மாதம் போய்விட்டான். அடக்கத்தில் பாதிரியார் அவனைத் தடுப்பாட்டக்காரன் என்றுதான் சொன்னார். நான் எழுந்து நின்று, இல்லை என்றேன். என் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திருத்திச் சொல்கிறவரைக்கும் நான் உட்காரவில்லை.